மவுஸை டிராயருக்குள் வைத்த நான்கு மாதங்கள்

சென்ற வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை தோசையைத் திருப்பிப் போடும்போது கரண்டி கையை விட்டு நழுவி விழுந்தது. அதற்கு முன்பே இரண்டு மூன்று வாரமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு இழுப்பு இருந்தது, வேலை அதிகம், நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை, ஸ்கூட்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை, அலுவலகம் போய் மவுஸைப் பிடித்தால் பத்தே நிமிடத்தில் கை கடுக்க ஆரம்பித்தது.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஜவுளிக்கடை, தறிப்பட்டறை, மஞ்சள் மண்டி என்று எங்களுடைய கட்சிக்காரர்கள் பல வகை. காலையில் உட்கார்ந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், ஜிஎஸ்டி தளம், மறுபடி எக்செல், இப்படியே மாலை ஆகிவிடும். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு டென்னிஸ் எல்போ என்றார், மட்டையே பிடிக்காதவர்களுக்கும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வரும் என்று விளக்கினார். பிசியோதெரபி கொடுத்த பெண்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "நீங்க எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பீங்க, இந்த மேஜையில காட்டுங்க." காட்டினேன். நம்பர் பேடு உள்ள முழு நீள கீபோர்டு, அதற்கும் வலப்பக்கம் தள்ளி மவுஸ். என் கை தோளிலிருந்து வெளிப்புறமாக விரிந்து, முன்னால் நீண்டு, அந்த நிலையிலேயே நாள் முழுக்க நிற்கிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கிளிக் செய்வது மட்டும் பிரச்சினை இல்லை. டைப் அடிப்பதற்கும் மவுஸுக்கும் நடுவில் கை போய்ப் போய் வருவதும், நீட்டிய கை நீட்டியபடியே இருப்பதும் சேர்ந்துதான் வலி.

அந்த வாரம் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோவிலுக்கு வந்திருந்த என் சித்தி மகனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் வேலை, கம்ப்யூட்டரில்தான் எல்லாமே செய்கிறான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கியது அது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட மவுஸைத் தொட்டதில்லை. அந்த அம்பு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மவுஸைக் கழட்டி டிராயர்ல போட்டுருங்கக்கா, மீதியை நான் போன்ல சொல்லித் தர்றேன்."

நான் உடனே போடவில்லை. மாதத்தின் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத்தையும், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும், அந்த நாட்களில் புதிதாக ஒன்றைப் பழகினால் கோபம்தான் மிஞ்சும். 21-ஆம் தேதி காலை மவுஸைக் கழற்றினேன். நீங்களும் பழக நினைத்தால் வேலை குறைவாக உள்ள வாரத்தில் ஆரம்பியுங்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். முதல் மூன்று நாள் வேலை பாதி வேகத்தில்தான் போகும், அந்த நேரத்தில் யாரும் பின்னால் நின்று அவசரப்படுத்தக் கூடாது.

முதல் நாளே ஒன்று புரிந்தது. டேலியில் நான் ஏற்கெனவே மவுஸைத் தொடுவதில்லை. எஃப்5 அழுத்தினால் பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ், வவுச்சர் (ஒரு கணக்குப் பதிவு) போடும்போதே புதிய லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) வேண்டுமென்றால் ஆல்ட் + சி, முடிந்ததும் கண்ட்ரோல் + ஏ. இதையெல்லாம் விரல்கள் எப்போதோ கற்றுவிட்டன. 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பிறந்தது, மவுஸை நம்பி உருவானதில்லை. அதனால்தான் கணக்கு எழுதுகிறவர்கள் டேலியில் பில்லைப் பார்த்தபடியே திரையைப் பார்க்காமல் அடித்துக்கொண்டு போகிறோம். அப்படியானால் கீபோர்டால் வேலை செய்யத் தெரியாது என்று நான் நினைத்தது தப்பு. டேலியை விட்டு வெளியே வந்ததும் கை தானாக மவுஸுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அடுத்து தம்பி சொல்லித் தந்ததுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. "ஷார்ட்கட் லிஸ்ட் எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க. இப்ப எங்க நிக்கிறோம்னு மட்டும் பாருங்க." மவுஸ் பிடிக்கிறவர்கள் திரையில் எந்த இடத்தையும் நேராகப் போய்த் தொட்டுவிடலாம். கீபோர்டில் அப்படி இல்லை, திரையில் எப்போதும் ஏதோ ஓர் இடத்தில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம், அங்கிருந்துதான் நகர வேண்டும். நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடோ, நீல நிறக் கட்டமோ, புள்ளிக்கோடோ இருக்கும். டேப் அழுத்தினால் அடுத்த இடம், ஷிப்ட் + டேப் அழுத்தினால் முந்தைய இடம். டிக் போடும் கட்டத்தில் நின்றால் ஸ்பேஸ் பார் டிக் போடும், எடுக்கும். வட்டப் பொத்தான்கள் வரிசையாக இருந்தால் அம்புக் கீகளால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். பட்டனில் நின்றால் எண்டர். ஏதாவது தானாகத் திறந்து வழியை மறித்தால் எஸ்கேப். இந்தச் சிலவற்றை வைத்துக்கொண்டே முக்கால்வாசித் திரைகளைக் கடந்துவிடலாம். எனக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் பயிற்சி, டேப் அழுத்திவிட்டு அந்தக் கோடு எங்கே போனது என்று கண்ணால் தேடுவது.

அதற்கப்புறம் ஒரு சின்னத் துண்டுச்சீட்டை மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். அதில் எப்போதும் மூன்று கீ மட்டும் இருக்கும். அன்றைக்கு எந்த இடத்தில் "அடடா, மவுஸ் இருந்தால் தேவலையே" என்று அதிகமாகத் தோன்றியதோ அதற்கான கீயை மாலையில் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதுவேன், அது கைக்கு வந்ததும் அடித்துவிட்டு அடுத்தது. இணையத்தில் நூறு ஷார்ட்கட், இருநூறு ஷார்ட்கட் என்று அட்டவணை அச்செடுத்து ஒட்டியவர்களை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன், அதில் இரண்டைக்கூட அவர்கள் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. உங்கள் கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அட்டவணை போட்டவருக்குத் தெரியாது.

என் சீட்டில் முதலில் வந்தவை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆல்ட் + டேப், டாஸ்க்பாரில் உள்ளதை வரிசை எண்படி திறக்கும் விண்டோஸ் கீ + 1, 2, 3, அப்புறம் வலது கிளிக்குக்குப் பதிலாக ஷிப்ட் + எஃப்10. சில கீபோர்டில் வலது கண்ட்ரோலுக்குப் பக்கத்தில் மெனு படம் போட்ட ஒரு கீ இருக்கும், 11 வருடமாக அது எதற்கு என்றே தெரியாமல் இருந்தேன், அதுவும் வலது கிளிக்தான். ஃபைலின் பெயரை மாற்ற எஃப்2.

எக்செலில்தான் பெரிய மாற்றம். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள ஸ்டேட்மென்ட்டை மவுஸ் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீழே கொண்டுபோன காலத்தை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. கண்ட்ரோல் + கீழ் அம்பு, ஒரே தாவலில் கடைசி வரி. கூடவே ஷிப்டையும் பிடித்தால் அதுவரை முழுக்கத் தேர்வாகிவிடும். கண்ட்ரோல் + ஷிப்ட் + எல் அழுத்தினால் ஃபில்டர் வரும், தலைப்பில் நின்று ஆல்ட் + கீழ் அம்பு அழுத்தினால் அந்த ஃபில்டர் பட்டியல் திறக்கும், தேட வேண்டியதை அங்கேயே டைப் அடிக்கலாம். கூட்டுத்தொகைக்கு ஆல்ட் + சமக்குறி. இன்றைய தேதிக்கு கண்ட்ரோல் + அரைப்புள்ளி. ஃபார்முலா இல்லாமல் மதிப்பை மட்டும் ஒட்ட கண்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்தி, வரும் பெட்டியில் வி, எண்டர். ஷீட் விட்டு ஷீட் போக கண்ட்ரோல் + பேஜ் டவுன். இன்னொன்று, ஆல்ட்டை ஒரு தடவை தட்டிவிட்டு விட்டால் மேலே ரிப்பன் என்ற பட்டன் பட்டையில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு எழுத்து முளைக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே போகலாம். தலைப்பு வரிசையை அசையாமல் நிறுத்த, அதற்கு அடுத்த வரியின் முதல் செல்லில் நின்று ஆல்ட், டபிள்யூ, எஃப், எஃப் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பேன், சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. நாலைந்து தடவை பார்த்து அடித்தால் ஆறாவது தடவை கை தானாகப் போகும். அம்பை அழுத்தினால் செல் நகராமல் ஷீட் முழுவதும் நகர்கிறதா, ஸ்க்ரோல் லாக் கைபட்டு ஆனாகியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் போனது, எக்செல் கெட்டுவிட்டது என்று ஃபைலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

இணையத் தளங்களில் படிவம் நிரப்புவது சுலபமாகிவிட்டது. மாநிலப் பட்டியல் வந்தால் அம்பைப் பிடித்து இறக்க வேண்டாம், தமிழ்நாட்டின் முதல் ஆங்கில எழுத்தைத் தட்டினால் போதும், அகர வரிசையில் தெலங்கானாவுக்கும் திரிபுராவுக்கும் முன்னால் நம்முடையதுதான் வரும். ஜிஎஸ்டி மாநில எண்ணோடு தொடங்கும் பட்டியலாக இருந்தால் 33 என்று அடிப்பேன். பக்கத்தில் எங்கோ இருக்கும் ஒரு லிங்க்கை அடைய முப்பது தடவை டேப் அடிக்க வேண்டிய நிலை வரும், அங்கே ஒரு வழி இருக்கிறது. கண்ட்ரோல் + எஃப் அழுத்தி லிங்க்கில் உள்ள சொல்லைத் தேடுங்கள், கிடைத்ததும் எஸ்கேப் அழுத்தினால் நாம் அந்த லிங்க்கிலேயே நிற்போம், எண்டர் தட்டினால் திறந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. விமியம் என்று குரோம் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு கூடுதல் இணைப்பு உண்டு, எஃப் எழுத்தைத் தட்டினால் பக்கத்திலுள்ள எல்லா லிங்க்குகளின் மேலும் சின்ன எழுத்துகள் வரும், அந்த எழுத்தை அடித்தால் அந்த லிங்க். வீட்டுக் கணினியில் அதைப் போட்டிருக்கிறேன், அலுவலகத்தில் கண்ட இணைப்புகளைப் போட அனுமதி இல்லை, அது சரியான விதியும்கூட.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரே கீ வெவ்வேறு மென்பொருளில் வெவ்வேறு வேலை செய்யும். பிரவுசரில் முகவரிக் கட்டத்துக்குப் போக ஆல்ட் + டி (டெல்லிக்கு வரும் டி) பழகியிருந்தேன். டேலியில் அதே ஆல்ட் + டி, வவுச்சரை அழிக்கும் கீ. ஒரு நாள் பிரவுசரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு டேலியின் டே புக்கில் (அன்றாடப் பதிவுப் பட்டியலில்) நின்றபடி அதை அழுத்திவிட்டேன். அழிக்கவா என்று கேள்வி வந்தது, நான் படிக்கவில்லை, விரல் எண்டரைத் தட்டிவிட்டது, ஒரு பர்சேஸ் எண்ட்ரி போய்விட்டது. நல்லவேளை, பில் மேஜை மேலேயே இருந்தது, திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து முகவரிக் கட்டத்துக்கு கண்ட்ரோல் + எல் மட்டும்தான். கண்ட்ரோல் + ஏ-யும் இப்படித்தான், எக்செலில் எல்லாவற்றையும் தேர்வு செய்யும், டேலியில் நரேஷன் (விளக்கக் குறிப்பு) எழுதுவதற்கு முன்பே வவுச்சரைச் சேமித்துவிடும். இரண்டு மென்பொருளில் மாறி மாறி வேலை செய்கிறவர்கள், ஒன்றில் அழிக்கிற கீயை இன்னொன்றில் எதற்குமே பழகாதீர்கள். கேள்விப் பெட்டி வந்தால் விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

சரி, டேப் போகவே போகாத இடங்களில் என்ன செய்வது? அதற்கு விண்டோஸிலேயே மவுஸ் கீஸ் என்று ஒன்று இருக்கிறது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆன் செய்யவா என்று கேட்கும், சரி என்றால் நம்பர் பேடே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலைகளில் உள்ள 7, 9, 1, 3 சாய்வாக நகர்த்தும். நடுவில் உள்ள 5 கிளிக். கூட்டல் குறி இரட்டை கிளிக். கழித்தல் குறியைத் தட்டிவிட்டு 5 அழுத்தினால் வலது கிளிக், மறுபடி சாதாரண கிளிக்குக்குத் திரும்ப வகுத்தல் குறி. இழுத்துப் போட வேண்டுமானால் 0 அழுத்திப் பிடிமானம், நகர்த்திக் கொண்டுபோய்ப் புள்ளியை அழுத்தினால் விடுதலை. கணக்கு எழுதுகிற எங்களுக்கு இதில் ஒரு சங்கடம், நம்பர் பேடு இல்லாமல் எங்களால் ஒரு தொகைகூட அடிக்க முடியாது. அமைப்பில் போய், நம்லாக் ஆஃப் ஆக இருக்கும்போது மட்டும் மவுஸ் கீஸ் வேலை செய்யும்படி மாற்றிக்கொண்டேன். இப்போது நம்லாக் எரிந்தால் எண்கள், அணைந்தால் மவுஸ். அம்பு மெதுவாகத்தான் நகரும், நாள் முழுக்க இதை நம்பி வேலை செய்ய முடியாது, ஆனால் ஒரே ஒரு பிடிவாதமான பட்டனுக்காக மவுஸைத் தேட வேண்டியதில்லை.

கீபோர்டும் கையைக் கெடுக்கும், இதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாதம் இடது சுண்டுவிரல் வலிக்க ஆரம்பித்தது, எல்லாவற்றுக்கும் இடது கண்ட்ரோலையே அந்த விரலால் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி பெண் சொன்னபடி இரண்டு கையையும் பங்கு போட்டேன். எழுத்து இடப்பக்கம் இருந்தால் வலது கண்ட்ரோல், வலப்பக்கம் இருந்தால் இடது கண்ட்ரோல், ஒரே கையை விரித்து இரண்டையும் பிடிப்பதில்லை. அதுவும் சிரமமான நாட்களில் ஸ்டிக்கி கீஸ் போட்டுக்கொள்வேன். ஷிப்டை ஐந்து தடவை தட்டினால் வரும் பெட்டி அது, பலரும் தொல்லை என்று மூடிவிடுகிறார்கள். அதை ஆன் செய்தால் கண்ட்ரோலைத் தட்டிவிட்டு, கையை எடுத்து, அப்புறம் சி தட்டலாம், சேர்த்துப் பிடிக்கத் தேவையில்லை. என் வலி குறைந்ததற்குக் கீபோர்டு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், உடற்பயிற்சி, நடுநடுவே எழுந்து நடப்பது, நாற்காலி உயரத்தை மாற்றியது எல்லாம் சேர்ந்துதான். வலி இருக்கிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நான்கு மாதம் கழித்து மவுஸை வெளியே எடுத்தேன். இப்போது அது கீபோர்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது, ஸ்கேன் செய்த பில்லை வெட்டவோ படத்தை நகர்த்தவோ மட்டும் இடது கையால் தொடுகிறேன். மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9-இல் சான் பிரான்சிஸ்கோவில் அதை மேடையில் காட்டியபோது வலது கையில் மவுஸும் இடது கைக்கு ஐந்து கீகள் உள்ள ஒரு சின்னப் பலகையும் வைத்திருந்தார் என்று தம்பிதான் சொன்னான். சுட்டிக் காட்ட ஒரு கை, கட்டளை கொடுக்க இன்னொரு கை. அந்த ஐந்து கீ பலகையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா வேலையையும் அதன் மேல் ஏற்றிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

டேப் போகாத பட்டன்கள் எனக்குச் சங்கடம்தான், ஆனால் எனக்கு இடது கையில் மவுஸ் இருக்கிறது. தம்பிக்கு அதோடு வழி அடைபட்டுவிடுகிறது. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருளில் எல்லாக் கட்டத்துக்கும் டேப் போகும், கடைசியில் "சேமி" பட்டனுக்கு மட்டும் போகாது. முன்பெல்லாம் இதை நான் கவனித்ததே இல்லை. அதைச் செய்தவர்களுக்கு எந்தத் திரை, எந்தப் பட்டன், டேப் எங்கே நின்றுவிடுகிறது என்று படத்தோடு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாவது தடவை எழுதும்போது, பார்வையில்லாத ஒருவர் இந்த பில்லை முழுவதும் நிரப்பிவிட்டுச் சேமிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு வரி சேர்த்தேன். ஆறு வாரம் கழித்து வந்த புதிய பதிப்பில் டேப் அந்தப் பட்டனில் போய் நின்றது. அன்று மாலை தம்பிக்குப் போன் போட்டு, வீட்டிலிருந்த லேப்டாப்பில் அதே திரையைத் திறந்து, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கடைசி டேப் வரை அடித்துக் காட்டினேன். "எண்டர் அடிங்கக்கா" என்றான். அடித்தேன், பில் சேவ் ஆனது.